பறவை உள்ள ஊர்

பாய் யாரையும் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார். ஆளானாலும் அப்படித்தான், பறவையானாலும் அப்படித்தான். "டீ குடிக்கிறீகளா தம்பி?" என்று ஒரு தடவை கேட்பார். நாமும் நம் வழக்கப்படி, "வேண்டாம் பாய், இப்பதான் குடிச்சேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு அடுத்த உபசாரத்துக்காகக் காத்திருப்போம். அடுத்த உபசாரம் வராது. அவர் தன் டீயை நிதானமாகக் குடித்து முடிப்பார். நாம் அவர் வாயையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பழகிய புதிதில் இப்படிப் பல டீக்களை நான் கோட்டை விட்டிருக்கிறேன். அப்புறம், அவர் கேட்டு முடிப்பதற்குள் "குடிக்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

துபாயில் தெருவில் நின்று பாய் என்று கூப்பிட்டால் பாகிஸ்தான் டிரைவரும் திரும்புவார், பீகார் கொத்தனாரும் திரும்புவார். கராமா பகுதியில் எங்கள் கட்டடத்தில் தமிழில் பாய் என்றால் இவர் ஒருவர்தான். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். வேட்டை ராஜாளிகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடையில் வேலை. கடை ஒரு அரபிக் கிழவருடையது. அவரை பாய் அர்பாப் என்பார். முதலாளிக்கு இங்கே அதுதான் பெயர். தோல் கையுறை, கால் கயிறு, ராஜாளி உட்காரும் கட்டை, அதன் கண்ணை மறைக்கும் தோல் தொப்பி என்று கடை நிறைய இருக்கும். தொப்பிகளை பாயே தைப்பார். நான் பாய் குடியிருந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு டிராவல்ஸில் விசா வேலை பார்த்தேன். மன்னார்குடிப் பக்கத்து ஆளான எனக்கு ராஜாளிக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதை நான் வெளிப்படையாகச் சொன்ன அன்று பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஏசி அறை. அதில் அர்பாபின் ராஜாளி ஒன்று இருந்தது. பெண் பறவை. ஒரு இறக்கையில் பழைய அடி. போட்டிக்கும் பெரிய வேட்டைக்கும் ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். பாய் அதை எடுத்துப் பேணினார். பறவைக்குத் தனி அறை, தனி ஏசி. பாய்க்கு எங்கள் கட்டடத்தில் ஆறு பேர் அறையில் மேல் கட்டில். இதில் அவருக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. பறவையைப் பற்றி எப்போதும் அவ, இவ என்றுதான் பேசுவார். "இவ இன்னிக்குக் கோவமா இருக்கா", "இவளுக்குத் தூக்கம் பத்தல". அறையில் புதிதாக வந்து சேர்கிறவர்கள் முதல் வாரம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, மரியாதையாகக் காதைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு குளிர்காலமும் அர்பாப் அவரை வெளிநாட்டு வேட்டைக்குக் கூட்டிப்போவார். அமீரகத்தில் காட்டுப் பறவையை வேட்டையாடத் தடை. கஜகஸ்தானுக்கோ மொராக்கோவுக்கோ அனுமதி வாங்கிக்கொண்டு பெரிய பட்டாளமாகப் போவார்கள். திரும்பி வந்த பாய் ஒரு வாரத்துக்கு வேறு ஆளாக இருப்பார். முகம் வெயிலிலும் குளிரிலும் வெந்து கறுத்திருக்கும். கண் மட்டும் பளபளவென்று இருக்கும். கறியைப் பற்றியோ எத்தனை பறவை விழுந்தது என்பதைப் பற்றியோ பேசவே மாட்டார். கையை உதறிப் பறவையைக் கிளப்பும் அந்த ஒரு கணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "கையை விடும்போது அல்லா பேரால பிஸ்மி சொல்லிறணும் தம்பி. அத்தோட நம்ம வேலை முடிஞ்சுது. மேல போனப்புறம் அவ ராசாத்தி. வந்தா நமக்கு. வரலைன்னா அவ இஷ்டம்."

"கையில கட்டி வளத்துட்டு, வரலைன்னா போகட்டும்னு எப்படிப் பாய் விட முடியும்?"

"கூப்பிட்டது காதுல விழுந்திருக்கும்ல? அப்புறம் என்னத்துக்குக் கத்தணும்?"

ஊரிலிருந்து ஒரு பள்ளித் தோழர் அவருக்கு அடிக்கடி போன் செய்வார். ஊரிலும் வேட்டைக்குத் தடை இருக்க, கண்மாய்ப் பக்கம் இருட்டில் துப்பாக்கியோடு போகிற ஆள். "நீ வா, நாம பாத்துக்கலாம், எவன் கேக்குறான்" என்பார். பாய் சிரித்துக்கொண்டே, "தடைன்னா தடைதான் மாப்ளே. தூங்குற கொக்கைச் சுடுறதுக்கு வேட்டைன்னு பேரு வைக்காதே" என்று சொல்லிவிட்டு போனை வைப்பார். வேறொருவர் சொல்லியிருந்தால் உபதேசம் மாதிரி இருந்திருக்கும். பாய் சொன்னால் உப்புக் குறைச்சல் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக இருக்கும். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது.

இங்கே வேலை முடிந்தால் விசாவைக் கேன்சல் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே ஓய்வு பெறுவதற்குப் பெயரே கேன்சல். "அடுத்த வருஷம் கேன்சல்ல போறேன்" என்று ஒருவர் சொன்னால் கூட இருக்கிறவர்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அர்பாபுக்கு உடம்புக்கு முடியாமல் போய், கடையை மூடப் போவதாகச் சொன்னார். பாய்க்கும் அறுபது தாண்டிவிட்டது. போகும்போது உனக்கு என்ன வேண்டும் கேள் என்றாராம் அர்பாப். பாய் யோசிக்கவே இல்லை, பின்னறையைக் காட்டியிருக்கிறார். எடுத்துக்கொள், கலாஸ், அவ்வளவுதான் என்று கிழவரும் சொல்லிவிட்டார்.

என் மேஜைக்கு வருகிறவர்களின் கேள்விகள் எனக்கு மனப்பாடம். நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் படிப்பு எப்படி, குளிர் தாங்குமா. பாய் வந்து உட்கார்ந்து கேட்டது இது:

"கனடாவுல கௌதாரி உண்டா தம்பி?"

அவர் மகள் அங்கே இருந்தாள். நான் கம்ப்யூட்டரில் பார்த்து, கௌதாரி சாதியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றேன். "பறக்குமா, ஓடுமா?" என்றார். அது எந்த வெப்சைட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் கஜகஸ்தான். "புல்லுக்காடு தம்பி, கண்ணு எட்டுற மட்டும். ஒரு கம்பி வேலி கெடையாது."

"அங்க போய் யாரோட பாய் பேசுவீங்க?"

"இவ இருக்காள்ல."

ஓமானில் சலாலா பக்கம் நம் ஆட்கள் இருக்க முடியுமா, அங்கே வேட்டைக்கு அனுமதி தருவார்களா என்று ஒரு நாள். துருக்கி எப்படி என்று இன்னொரு நாள். என் சர்வீஸில் நாடு நாடாகப் போய் அங்கே என்னென்ன பறவை பறக்கிறது என்று படித்தது அப்போதுதான். சக ஊழியன் கேலி செய்தான். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அவன் போனதும் மறுபடி தேடினேன்.

சிக்கல் என்னவென்று சீக்கிரமே எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் பாய்க்கு வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறார். ஆனால் ராஜாளியைச் சட்டப்படி அங்கே கொண்டுபோக முடியாது; கொண்டுபோனாலும் பறக்கவிட்டு வேட்டையாட முடியாது. பறவையோடு போவதென்றால் மனைவியை விட்டுவிட்டு இன்னொரு தேசம் போக வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக லீவில் வந்து லீவில் போகும் புருஷனுக்காகக் காத்திருந்த அம்மாளை, கேன்சலுக்கு அப்புறமும் காக்க வைப்பதா?

"வீட்ல என்ன சொல்றாங்க பாய்? அவங்களையும் உங்ககூட வரச் சொல்லலாமே."

"அதெல்லாம் ஒரு தடவை கேட்டாச்சு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்தார். எப்போது கேட்டார், என்ன பதில் வந்தது என்று சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த வாய்ஸ் மெசேஜ் போனது. கடையில் உதவிக்கு இருந்த பட்டுக்கோட்டைக்காரருக்கு பாய் பேசி அனுப்பியது, கை தவறி ஊரில் மனைவிக்குப் போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ராஜாளியின் கண்ணை மறைக்கும் அந்தத் தோல் தொப்பிக்கு அரபியில் புர்கா என்று பெயர். அது மாட்டியிருக்கும்வரை பறவை பதறாமல் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்கள் நாளெல்லாம் புழங்குகிற வார்த்தை. மெசேஜ் இதுதான்:

"அவளுக்குப் புர்காவை மாட்டி ஏசி ரூம்ல உக்கார வையி. நீ கை வைக்காதே, நான் வந்துதான் கழட்டுவேன். காலையில இருந்து பசியோட இருக்கா, வந்து நானே என் கையால ஊட்டுறேன். கேன்சல் ஆனாலும் அவளை விட்டுட்டுப் போறதா இல்ல. எங்க போனாலும் எங்கூடத்தான்."

ஊரிலிருந்து பாய்க்கு பதிலே வரவில்லை. எனக்குத்தான் அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது; நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். மகளின் கனடா டிக்கெட்டை முன்பு நான் போட்டுக் கொடுத்ததில் என் நம்பர் அந்த வீட்டில் இருந்தது. "தம்பி, எனக்கு ஒரு விசிட் விசா போடணும். அவுகளுக்குத் தெரிய வேண்டாம்." குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுவே எனக்கு உதறலாக இருந்தது. பணம் வந்தது, பாஸ்போர்ட் நகல் வந்தது, அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அக்காவே வந்து இறங்கிவிட்டார். கறுப்பு அபாயா அங்கி, கையில் ஒரு சின்னப் பெட்டி. ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் காரில் வைத்து அந்த மெசேஜை எனக்குப் போட்டுக் காட்டினார்.

"அவ எந்த ஊருக்காரி தம்பி? மறைக்காம சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்கு அரை மணி நேர வேதனை மிச்சம். ஆனால் என் வாயால் சொன்னால் நம்புவாரா? பறவைக்குப் புர்கா என்று எந்தப் புருஷனின் சிநேகிதன் சொன்னாலும் எந்த மனைவியும் நம்ப மாட்டாள். "நேர்லயே பாத்துக்கங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

கடையில் பாய் தொப்பி தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கையில் ஊசி அப்படியே நின்றது.

"நீயா புள்ள?"

"எங்க அவ?"

"யாரு?"

"புர்கா போட்டு உக்கார வச்சிருக்கீகளே, அவ."

பாய்க்கு இன்னும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனைவி தன் பறவையைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, முகமெல்லாம் பூரித்துப்போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார். கட்டையின் மேல் கண் மறைத்த தொப்பியோடு அது உட்கார்ந்திருந்தது. கதவுச் சத்தம் கேட்டு, எங்கள் பக்கம் தலையைச் சாய்த்தது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "இவளா?"

"இவதான்."

"பொம்பளைதானா?"

"பொம்பளைதான். ஆம்பளை சிறுசா இருக்கும், தோதுப்படாது."

அக்கா அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. கண்ணீர் வழிந்தது. எது வரைக்கும் சிரிப்பு, எதற்கு மேல் அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு "அல்லா" என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவுத்து விட்டா இவ ஓடிற மாட்டாளா?"

"போவா. திரும்பி வருவா."

"ஏன் வர்றா?"

பாய் பொய் சொல்லத் தெரியாதவர். "பசிதான். பறக்க விடுறதுக்கு முன்னாடி வயித்தை ஒட்ட வச்சிருப்போம்."

"பசியோட வச்சா எவதான் திரும்பி வர மாட்டா" என்றார் அக்கா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பாய் பறவையின் கால் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.

மறுநாள் காலை அர்பாபின் நிலத்துக்கு எல்லோருமாகப் போனோம். ஊரைத் தாண்டி, மணல் மேடுகளுக்கு நடுவே வேலி போட்ட இடம். அங்கே வேட்டை கிடையாது. கயிற்றில் கட்டிய இறகுக் கொத்தைச் சுழற்றி, பறவையை அதன் மேல் பாய வைக்கிற பழக்கம் மட்டும்தான். பாய் தொப்பியைக் கழற்றினார். முதல் தடவையாக அதன் கண்ணைப் பார்த்த அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பாய் பிஸ்மி சொல்லிக் கையை உதறினார். அது எழுந்து, காற்றில் ஏறி, ஒரு வட்டம் அடித்து, மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

பாய் கொத்தைச் சுழற்றி ஒரு குரல் கொடுத்தார். நீளமான, பாட்டுக்கு முந்தின இழுப்பு மாதிரி ஒரு குரல். பறவையைக் காணோம். பட்டுக்கோட்டைக்காரர் தன் பங்குக்குக் கத்தினார். அர்பாபின் டிரைவர் "யல்லா, யல்லா" என்று வண்டியைக் கிளப்பினார். பாய் கையமர்த்தி நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். வெயில் ஏறியது. அவர் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். போனால் போனதுதான் என்ற அலட்சியம் அந்த முகத்தில் இல்லை. பயத்தில் அது வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் அவர் மறுபடி கூப்பிடவில்லை.

காருக்குப் பக்கத்து நிழலில் நின்ற அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னையும் இப்படித்தான் தம்பி கூப்பிட்டாக. கல்யாணமாகி நாலாவது வருஷம். ரூம் பாத்துட்டேன், வர்றியான்னு போன் வந்துச்சு. அப்ப மாமி படுக்கையில கெடந்தாக. எப்படி வருவேன்? இல்லைன்னுட்டேன். மாமி மவுத்தானதுக்கப்புறம், இன்னிக்குக் கூப்பிடுவாக, நாளைக்குக் கூப்பிடுவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மக பெரியவளாகி, கல்யாணமாகிப் போயிட்டா. கூப்பிடவே இல்ல."

"நீங்களே வர்றேன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"கூப்பிடாத எடத்துக்கு எப்படித் தம்பி வர்றது?"

அதுவரை பாயின் அந்தக் குணத்தைப் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மணலில் உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. அந்த நேரத்தில் மேட்டுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்து, பெரிதாகி, இறகுக் கொத்தின் மேல் வந்து தொப்பென்று விழுந்தது. பாய் எழுந்து ஓடினார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டம். திரும்பி வந்து கையுறையை அக்கா கையில் மாட்டி, பறவையை ஏற்றி, இறைச்சித் துண்டைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். அக்கா துண்டை நீட்டி ஊட்டினார். பறவை இறங்கவில்லை. அவரும் இறக்கவில்லை.

அன்று மாலை பாயிடம் நேரடியாகவே கேட்டேன். அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "வரலைன்னு சொன்னவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா அது வற்புறுத்துறதுல்ல? அவளுக்குப் பிடிக்கலையாக்கும்னு இருந்துட்டேன் தம்பி."

"ஒரு டீக்கே ரெண்டு தடவை கேக்கணும் பாய். நாங்கல்லாம் அப்படித்தான் வளந்திருக்கோம்."

அவர் எதிரே இருந்த டீ ஆறிப்போனதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

விசிட் விசா முடிகிற வாரம் இரண்டு பேரும் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கடை மூடியாகிவிட்டது. பாய் முடிவெடுத்துவிட்டு வந்திருந்தார். "ஊருக்கே போட்ருங்க தம்பி. ஒன்வே. அவளை அர்பாப் வீட்டுலயே விட்டுட்டுப் போறேன்." நியாயமான முடிவுதான். ஆனாலும் பாதி ஆளைத்தான் விமானத்தில் ஏற்றப்போகிறேன் என்று தோன்றியது.

"ஊருக்கு வந்து?" என்றார் அக்கா.

"வந்து... இருப்பேன்."

"மாடியில ஏறி நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டா? நான் கீழ நின்னு உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டா?"

பாய் மேஜை ஓரத்தைச் சுரண்டினார். "அப்ப எங்கூட வர்றியா? பறவை உள்ள ஊரு எதுக்காச்சும்?"

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கேட்டாயிற்று. இனிமேல் இவர் கேட்க மாட்டார். இந்த அம்மாளும் வாயைத் திறக்க மாட்டார். நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லலாமா என்று தவித்தேன். பிரிண்டர் யாருக்கோ ஒரு டிக்கெட்டை அடித்துத் துப்பியது.

"வா புள்ள" என்றார் பாய்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வாயேன். நீ இல்லாம எனக்கு என்னத்துக்கு ஊரு?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு விசா வந்த செய்தியைச் சொல்லியிருக்கிறேன். அக்கா முகத்தில் அப்போது தெரிந்ததை அந்த முகங்கள் எதிலும் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் கறாரான குரலில் ஆரம்பித்தார். "கடல் இருக்கணும். மீன் கெடைக்கணும், செத்து ஐஸ்ல கெடந்த மீன் இல்ல. அஞ்சு வேளையும் பாங்குச் சத்தம் காதுல விழணும். அப்படி இருந்தா வர்றேன்."

கனடாவில் மகள் இருந்த ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. கஜகஸ்தான் புல்வெளியில் மீனுக்கு எங்கே போவது? மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மொராக்கோ தம்பி! நான் போயிருக்கேன்ல! எல் ஜதீதான்னு கடலோரம் ஒரு ஊரு. அந்தப் பக்கத்துக் கிராமத்துல பரம்பரையா ராஜாளி வளக்குறாக. கல்லுக்காட்டுல கௌதாரி கெடக்கு. முறையா லைசென்ஸ் எடுத்துட்டுப் போகலாம்."

"மத்தி கெடைக்குமா?" என்றார் அக்கா.

"நம்ம கடையில டின்ல வருதே மத்தி, அது எந்த ஊருன்னு பாருங்க அக்கா" என்றேன்.

காகித வேலை என் உயிரை வாங்கியது. மொராக்கோவில் குடியேறப் போகிற ராமநாதபுரம் தம்பதி என்று சொன்னால் எந்த அலுவலகத்திலும் இரண்டாம் முறை கேட்டார்கள். பறவைக்கும் பாஸ்போர்ட் உண்டு. மூவரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத பாஸ்போர்ட் அதுதான்.

போன பிறகு வாரம் தவறாமல் பாயின் குரல் வரும். "இவுக பேசுறது அரபியே இல்ல தம்பி, முப்பது வருஷம் நான் படிச்சதெல்லாம் வீணாப் போச்சு." "மத்தியைக் கரியில வாட்டி ரோட்டுல விக்கிறாக, உங்க அக்கா மசாலா இல்லைன்னு திட்டிக்கிட்டே திங்கிறா." அடுத்த குளிர்காலத்தில் ஒரு படம் வந்தது. கல்லுக்காட்டில் அபாயா காற்றில் பறக்க, கையில் பறவையோடு அக்கா. அதன் கீழே பாயின் புலம்பல்: "கையுறையைக் கேட்டாக் குடுக்க மாட்டேங்குறா தம்பி. வேட்டைக்கு அவ போறா. நான் பின்னால தண்ணி பாட்டில் தூக்கிக்கிட்டுப் போறேன்." சில குளிர்காலங்கள் இப்படிப் போயின. மனிதன் இவ்வளவு சந்தோஷமாகப் புலம்பி நான் கேட்டதில்லை.

போன கோடையில் பாய் மவுத்தாகிவிட்டார். அதிகாலைத் தொழுகை முடிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடலோரத்திலேயே அடக்கம் செய்தார்கள். நான் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, வந்த வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அழுதேன். அதை மறைக்கத் தோன்றவில்லை.

மகள் கனடாவிலிருந்து போன் செய்தாள். "அங்கிள், உம்மா அங்க தனியா இருக்க முடியாது. ஊருக்கு டிக்கெட் போட்ருங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க, நீங்க பேசுங்க ப்ளீஸ்."

அக்காவுக்குப் போன் செய்தேன். இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் மனைவி வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. சலாம் சொன்னார். குரல் சோர்ந்திருந்தது, ஆனால் உடையவில்லை. பாயின் கடைசி நாளைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். பின்னணியில் சிறகு அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது.

"அக்கா, இத்தா முடிஞ்சதும் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடட்டும்?"

"டிக்கெட் என்னத்துக்குத் தம்பி? இத்தா முடிஞ்சு நான் வெளிய போற நேரம் இங்க கௌதாரி சீசன் தொடங்கியிருக்கும். லைசென்ஸ் மட்டும் அவுக பேர்ல இருக்கு, அதை எம் பேருக்கு மாத்தணும். நீங்கதானே எங்களுக்குக் காகிதமெல்லாம் பாக்குறது, என்னென்ன வேணும்னு பாத்துச் சொல்லுங்க."